எனொக்சபாரின் ஊசியை வீட்டில் போடுவது பற்றி: தம்பலகாமத்திலிருந்து ஒரு கேள்வி

வயலோரம் (தம்பலகாமம்), முதல் நாள் இரவு

அனைவருக்கும் வணக்கம். எனது அப்பாவுக்கு வயது 78. மழையில் பாசி பிடித்திருந்த முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் சத்திரசிகிச்சை செய்யப்பட்டு, இன்று பிற்பகல்தான் அவரை வைத்தியசாலை விடுதியிலிருந்து (வார்ட்) வீட்டுக்கு அழைத்து வந்தோம். காலில் குருதி உறைந்து கட்டியாகாமல் இருப்பதற்காக எனொக்சபாரின் 40 மி.கி. ஊசியை நாளொன்றுக்கு ஒன்று வீதம் மொத்தம் 28 நாட்களுக்குப் போட வேண்டும் என எழுதித் தந்திருக்கிறார்கள். விடுதியில் 9 ஊசிகள் போட்டு முடிந்துவிட்டன. மீதி 19 ஊசிகளையும் நான்தான் போட வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் தாதி மிஸ் ஒருவர் ஒரேயொரு தடவை செய்து காட்டினார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகங்கள் ஒவ்வொன்றாக எழுகின்றன. சிறிஞ்சின் உள்ளே ஒரு வாயுக்குமிழி இருக்கிறது. அதை வெளியேற்ற வேண்டுமா? அப்பாவின் வயிற்றில் ஏற்கெனவே நான்கைந்து இடங்களில் நீலம் பாய்ந்திருக்கிறது. அதன் மேல் எண்ணெய் தடவித் தேய்க்கலாமா? வலி அதிகமாக இருப்பதால் பக்கத்து டிஸ்பென்சரியில் வலி ஊசி ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று சித்தப்பா சொல்கிறார். அதனை இதனுடன் சேர்க்கலாமா? எமது வீட்டில் பகலில் அடுப்பங்கரையைப் போல வெக்கை. ஊசிகளை எங்கே வைப்பது? கிளினிக் கொப்பியில் கிரியட்டினின் 1.4 என எழுதப்பட்டிருப்பதையும் குறிப்பிடுகிறேன். அது இங்கு முக்கியமா என்பது எனக்குத் தெரியவில்லை.

வெள்ளைச்சீருடை (திருகோணமலை நகரம்)

தங்கச்சி, நான் முப்பது வருடங்களுக்கு மேல் விடுதிகளில் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். முதலில் குமிழியைப் பற்றிச் சொல்கிறேன். ஏனெனில் புதிதாகப் பணிக்கு வருபவர்களே அதிகம் தவறிழைக்கும் இடம் அதுதான். மற்ற ஊசிகளில் காற்றை வெளியேற்றிவிட்டே போட வேண்டும் என்று கை பழகிவிட்டதால், இதிலும் மூடியைக் கழற்றியவுடன் மேல்நோக்கிப் பிடித்துத் தட்டிக் காற்றைத் தள்ளுவார்கள். அதனுடன் மருந்தும் சில துளிகள் போய்விடும். நிரப்பியே வரும் 40 மி.கி. சிறிஞ்சில் உள்ள குமிழியை அப்படியே விட்டுவிட வேண்டும். ஊசிமுனை கீழ்நோக்கி இருக்கும்போது குமிழி மேலே நின்று, மருந்து முழுவதும் இறங்கிய பிறகு கடைசியாகச் சென்று, ஊசிக்குள் தேங்கியதையும் தோலின் கீழ் தள்ளிவிடுகிறது. அந்தளவு காற்று தோலின் கீழ் செல்வதால் தீங்கு எதுவும் இல்லை.

இனி போடும் முறை. அப்பாவைப் படுக்க வையுங்கள் அல்லது நன்றாகச் சாய்ந்து இருக்கச் செய்யுங்கள். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கொப்பூழிலிருந்து குறைந்தது 5 சென்ரிமீற்றர் தள்ளி, வயிற்றின் இடப்புறமோ வலப்புறமோ, நீலம் பாயாத, தழும்பில்லாத ஓரிடத்தைத் தெரிவுசெய்யுங்கள். இன்று இடம் என்றால் நாளை வலம் என்று மாற்றி வாருங்கள். கொப்பியில் குறித்து வைத்தால் மறதி வராது. தோலைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மடிப்பாகப் பிடித்து, ஊசியை அந்த மடிப்புக்குள் நேர்செங்குத்தாக முழு நீளமும் இறக்குங்கள். அப்பா மெலிந்தவர் என்று ஊகிக்கிறேன். மெலிந்தவர்களுக்கு இந்த மடிப்பு மிகவும் அவசியம், இல்லாவிட்டால் ஊசி தசைக்குள் போய்விடும். குருதி வருகிறதா என்று பின்னிழுத்துப் பார்க்கக் கூடாது. மெதுவாகத் தள்ளி முடித்து, ஊசியை நேராக வெளியே எடுத்த பிறகே மடிப்பை விடுங்கள். இடையில் விட்டுவிடுவது பலர் செய்யும் பிழை.

அதன் பிறகு தேய்க்கவே கூடாது. எண்ணெயும் வேண்டாம், விரலும் வேண்டாம். குருதி கசிந்தால் சுத்தமான பஞ்சை மென்மையாக வைத்து அழுத்திக்கொண்டிருங்கள், அவ்வளவுதான். சிறு நீலம் பாய்வது இந்த மருந்தில் சாதாரணம். அது உள்ளங்கை அளவுக்குப் பரவினாலோ, கல்லுப்போல் இறுகி வலித்தாலோ மட்டும் காட்டுங்கள்.

டிஸ்பென்சரி வலி ஊசியை மட்டும் தயவுசெய்து போட வேண்டாம். குருதி உறையாமல் இருக்க மருந்து ஏற்றப்படும் ஒருவரின் தசைக்குள் ஊசி குத்தினால் உள்ளேயே குருதி கசிந்து கட்டிவிடும். அதற்கும் மேலாக, அங்கே வழமையாகப் போடப்படும் டைக்ளோபினாக் இரைப்பையில் குருதிப்பெருக்கை ஏற்படுத்தக்கூடியது, சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. வைத்தியர் எழுதித் தந்த அளவில் பனடோல் கொடுங்கள். அது போதவில்லை என்றால் சத்திரசிகிச்சை செய்த விடுதியிடமே கேளுங்கள்.

உப்புவெளி மருந்தாளர்

வெள்ளைச்சீருடை அக்கா சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேள்வி கேட்ட சகோதரி கடைசி வரியில் போகிறபோக்கில் குறிப்பிட்ட கிரியட்டினின்தான் எனக்கு முதலாவதாகத் தென்பட்டது. எனொக்சபாரின் பெருமளவு சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் மந்தமாக இருந்தால், நேற்றுப் போட்டது முழுவதும் வெளியேறுவதற்குள் இன்றைய ஊசி சேர்ந்துகொள்ளும்; சில நாட்களில் அளவு கூடி, எங்காவது குருதி பெருகத் தொடங்கும். 1.4 என்பது பார்ப்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் கிரியட்டினின் என்பது தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; சிறுநீரகம் மந்தமானால் குருதியில் அதன் அளவு ஏறும். தசை வற்றிய முதியவரிடம் அது இயல்பாகவே குறைவாக இருப்பதால், 1.4 என்ற எண் உண்மை நிலையை மறைத்துவிடக்கூடும்.

ஆகவே வயதையும் நிறையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 140 இலிருந்து வயதைக் கழித்து, நிறையால் பெருக்கி, 72 ஐயும் கிரியட்டினினையும் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் விடையை 0.85 ஆல் பெருக்க வேண்டும். சிறுநீரகம் நிமிடத்துக்கு இத்தனை மில்லிலீற்றர் குருதியைச் சுத்திகரிக்கிறது என்று விடை வரும். அது 30 இற்குக் கீழே போனால் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். அப்பாவின் நிறை எவ்வளவு என்று தயவுசெய்து அறியத் தாருங்கள்.

வைக்கும் இடம் பற்றி: பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள், பெரும்பாலும் 25 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் வைக்கும்படி இருக்கும். வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் எமது ஊரில் அது எவ்வளவு கடினம் என்பது எனக்கும் தெரியும். அதற்காகக் குளிரூட்டியின் உறைபெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். உறைந்த ஊசியைப் பயன்படுத்த முடியாது. சில உற்பத்தியாளர்கள் குளிரூட்டியிலேயே வைக்க வேண்டாம் என்கிறார்கள். வெயில் படாத, அடுப்பங்கரையிலிருந்து விலகிய அறையில், நிலத்தோடு ஒட்டிய அலுமாரித் தட்டு உகந்தது. முச்சக்கரவண்டியின் முன்பெட்டியில் பகல் முழுவதும் கிடந்த ஊசிகளை ஒருவர் என்னிடம் கொண்டுவந்து நல்லதா என்று கேட்டிருக்கிறார். நான் வேறு வாங்கச் சொன்னேன்.

பாலத்தடி (கிண்ணியா)

அஸ்ஸலாமு அலைக்கும். எனது உம்மாவுக்கும் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு இதே ஊசி எழுதப்பட்டது. தனியார் பாமசியில் விலையைக் கேட்டபோது தலை சுற்றியது. 80 மி.கி. சிறிஞ்ச் ஒன்று வாங்கினால் இரண்டு 40 இலும் மலிவாக முடிகிறது என்று கணக்குப் பார்த்து, பாதியை இன்றும், மூடியைப் போட்டு வைத்து மீதிப் பாதியை மறுநாளும் போட்டோம். அல்ஹம்துலில்லாஹ், உம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சகோதரிக்கும் உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். இந்த மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவதாகப் பின்னர்தான் அறிந்தோம். எமது பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டபோது, உயிருக்கு ஆபத்தான நிலையில், ஏற்ற மாற்று மருந்து இல்லையென்று வைத்தியர் சொன்னால், நிர்ப்பந்தத்தின் பேரில் அனுமதி உண்டு என்றார். மாற்று மருந்து உண்மையில் இருக்கிறதா?

உப்புவெளி மருந்தாளர்

பாலத்தடி நானா, நீங்கள் வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. ஏனெனில் இப்படிச் செய்பவர்கள் பலர், சொல்பவர்கள் சிலர். ஆனால் உம்மாவுக்கு ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம். அதை ஒரு முறையாக இன்னொருவருக்குப் பரிந்துரைக்க முடியாது. நிரப்பிய சிறிஞ்சில் கிருமியழிப்புப் பொருள் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. ஒரு தடவை உடம்புக்குள் சென்று வந்த ஊசியை மூடி வைத்தால், மறுநாள் உள்ளே போவது மருந்து மட்டுமல்ல. முனையும் மழுங்கியிருக்கும். ஒரு சிறிஞ்ச் ஒரு தடவைக்குத்தான்; மிஞ்சியதை வீசத்தான் வேண்டும்.

அளவிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 20, 40 மி.கி. சிறிஞ்சுகளில் பொதுவாக அளவுக்கோடுகள் கிடையாது; அவற்றைக் கண்மதிப்பால் பாதியாக்க முடியாது. 60, 80, 100 மி.கி. சிறிஞ்சுகளில் கோடுகள் உண்டு. 100 மி.கி. என்பது ஒரு மில்லிலீற்றர், ஆகவே 60 மி.கி. என்றால் 0.6 மில்லிலீற்றர். அதிலிருந்து ஒரு பகுதியைத்தான் போடும்படி வைத்தியர் எழுதியிருந்தால், ஊசிமுனையைக் கீழ்நோக்கிப் பிடித்து, மேலதிகமானதைப் போடுவதற்கு முன்பே வெளியேற்றிவிட வேண்டும். அப்போது குமிழி மேலேயே தங்கிவிடும்.

பன்றி பற்றிய கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். ஆம், எனொக்சபாரினும் அதன் மூல மருந்தான ஹெபரினும் பன்றியின் சிறுகுடல் உட்படையிலிருந்தே பெறப்படுகின்றன. அதை நோயாளியிடம் மறைப்பதை நான் ஏற்பதில்லை. முன்கூட்டியே சொன்னால் மௌலவியிடம் கேட்டுத் தெளிய அவகாசம் கிடைக்கும். பொண்டபரினக்ஸ் என்று முற்றிலும் செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஊசி ஒன்று இருக்கிறது. ஆனால் அதனை நாமாக மாற்றிக்கொள்ள இயலாது. சிறுநீரகம் நன்கு பழுதடைந்தவர்களுக்கு அது ஆகாது. உடம்பில் தங்கும் நேரமும் நீண்டது, குருதி பெருகினால் உடனே முறிப்பதற்கான பிரத்தியேக மருந்தும் அதற்கு இல்லை. சிலருக்குக் குளிசைகளும் பொருந்தலாம். எழுதிய வைத்தியரிடம், இந்தக் காரணத்துக்காகவே கேட்கிறோம் என்று தயக்கமின்றிச் சொல்லுங்கள். அது நியாயமான கேள்வி.

சீனக்குடா

குளிசை என்ற சொல்லை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ரிவரொக்சபான் போன்ற குளிசைகள் இருக்கும்போது, 78 வயது மனிதரின் வயிற்றில் 28 தடவை குத்துவது எதற்கு என்பதே எனக்குப் புரியவில்லை.

வெள்ளைச்சீருடை

குத்துவதற்கு எனக்கும் விருப்பமில்லை, ஐயா. ஆனால் அந்தக் குளிசைகளிலும் ஒரு பங்கு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே கேள்வி மறைந்துவிடாது, வேறு பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு எது என்பதை அவரைப் பார்த்த வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

வயலோரம், இரண்டாம் நாள்

அக்காவுக்கும் மருந்தாளர் அண்ணாவுக்கும் மிகுந்த நன்றி. நேற்றிரவு ஊசியை அக்கா சொன்ன முறையிலேயே போட்டேன். எனது கைதான் நடுங்கியது, அப்பா அசையவில்லை.

நிறையைப் பற்றிக் கேட்டீர்கள். கிளினிக் கொப்பியில் 60 கிலோ என்று இருக்கிறது. ஆனால் அப்பாவை எவரும் நிறுத்ததை நான் காணவில்லை. எழுந்து நிற்க முடியாதவரை எப்படி நிறுப்பது? கட்டிலருகே வந்த ஒருவர் எவ்வளவு இருக்கும் என்று கேட்க, சித்தப்பாதான் அறுபது இருக்கும் என்று சொன்னதாக இப்போது ஞாபகப்படுத்துகிறார். அது அப்பா வயலுக்குப் போய்வந்த காலத்து நிறை.

இன்று காலை எமது நெல் நிறுக்கும் மேடைத் தராசில் பிளாஸ்ரிக் கதிரையை வைத்து, அதில் அப்பாவை நான்கு பேராகத் தூக்கி அமர்த்தி, முறிந்த காலை ஒருவர் தாங்கிப் பிடித்தபடி நிறுத்தோம். பிறகு கதிரையைத் தனியாக நிறுத்துக் கழித்தோம். 46 கிலோ.

உப்புவெளி மருந்தாளர்

சகோதரி, சத்திரசிகிச்சை செய்த இடுப்பை இனி அப்படித் தூக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனினும் அந்த எண்ணுக்காக நன்றி.

140 இலிருந்து 78 ஐக் கழித்தால் 62. கொப்பியில் உள்ள 60 கிலோவை வைத்துக் கணக்கிட்டால் 3720 ஐ 100.8 ஆல் வகுக்க ஏறத்தாழ 37 வருகிறது, 40 மி.கி. சரியே என்று எவரும் சொல்வார்கள். உண்மையான 46 கிலோவை வைத்தால் 2852 ஐ 100.8 ஆல் வகுக்க ஏறத்தாழ 28. எல்லைக்கோடு 30 இல் இருக்கிறது. கட்டிலருகே சொல்லப்பட்ட ஒரு மதிப்பீடு உங்கள் அப்பாவைக் கோட்டின் அந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டது.

15 இற்கும் 30 இற்கும் இடைப்பட்டவர்களுக்குக் குருதிக்கட்டியைத் தடுக்கும் இந்த ஊசி நாளொன்றுக்கு 20 மி.கி. என ஐரோப்பிய உற்பத்தியாளர் ஏடு சொல்கிறது. அமெரிக்க ஏடு 30 என்கிறது. இரண்டுமே 40 அல்ல. நீங்களாக எதையும் குறைக்காதீர்கள், நிறுத்தவும் வேண்டாம். இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு இன்றே விடுதிக்குத் தொலைபேசி எடுங்கள் அல்லது கொப்பியுடன் நேரில் செல்லுங்கள். புதிதாக ஒரு கிரியட்டினின் பரிசோதனையும் கேளுங்கள். அப்பா கடந்த நாட்களில் எங்கேனும் டைக்ளோபினாக் எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வட மத்திய மாகாணத்திலும், அதனை ஒட்டிய எமது மாவட்டத்தின் பதவிசிறிபுரப் பகுதியிலும், காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயிகளை நீண்டகாலமாகப் பாதித்து வருகிறது. ஆரம்பத்தில் அதற்கு அறிகுறியே இருப்பதில்லை. ஆகவே வயலில் வாழ்நாளைக் கழித்த ஒரு முதியவருக்கு இந்த ஊசி எழுதப்படும்போது சிறுநீரகத்தைப் பற்றி இரண்டு தடவை கேட்பது மிகையாகாது.

இரவுப்பணி (வைத்தியர்)

நான் அரச வைத்தியசாலை ஒன்றில் பணியாற்றுபவன். இந்த இழையைப் படித்தபோது சற்றுக் கூச்சமாக இருந்தது. நிறையைக் கேட்டு எழுதுவது எமது விடுதிகளிலும் நடப்பதுதான். குருதிக்கட்டியைத் தடுக்கப் போடும் அளவில் நிறை பெரும்பாலும் சிறுநீரகக் கணக்கின் வழியாகவே நுழைகிறது. ஏற்கெனவே காலிலோ நுரையீரலிலோ குருதிக்கட்டி உள்ளவர்களுக்குச் சிகிச்சை அளவு ஒரு கிலோவுக்கு 1 மி.கி. என்ற கணக்கில் 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுக்கப்படுவதால், அங்கே 14 கிலோ பிழை என்றால் ஒவ்வொரு ஊசியிலும் 14 மி.கி. பிழை.

இதுவரை எவரும் தொடாத ஒரு விடயத்தை எழுதுகிறேன். ஹெபரின் வகை மருந்துகளில், அரிதாக, உடல் அந்த மருந்துக்கு எதிராகவே செயற்பட்டுக் குருதி உறைய உதவும் சிறுதட்டுகளை (பிளேட்லெட்) அழித்துவிடும். பெரும்பாலும் தொடங்கிய 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில், சிறுதட்டு எண்ணிக்கை பாதிக்கும் கீழே விழும். விசித்திரம் என்னவென்றால், இங்கே குருதி பெருகுவதைவிடப் புதிய கட்டிகள் உருவாவதே பெரிய ஆபத்து. எனொக்சபாரினில் இது பழைய ஹெபரினைவிடக் குறைவு. எனினும் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் பயன்படுத்துபவர்களில் கவனம் தேவை. ஊசி தொடங்குவதற்கு முன் ஓர் எண்ணிக்கையும், அந்த நாட்களில் மீண்டும் ஓர் எண்ணிக்கையும் இருந்தால்தான் விழுந்ததா என்று தெரியும். சகோதரியின் அப்பா 10ஆம் நாளில் இருக்கிறார். விடுதிக்குச் செல்லும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எமது ஊரில் இதனுடன் டெங்கு வந்து கலந்துவிடுகிறது. 2017ஆம் ஆண்டில் கிண்ணியா பட்ட பாட்டை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டெங்கிலும் சிறுதட்டுகள் விழும். இந்த ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால், சாதாரணக் காய்ச்சல்தானே என்று மூன்று நாட்கள் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அன்றைய ஊசியைப் போடுவதற்கு முன்பே வைத்தியசாலைக்கு வந்து, ஊசி போடுவதாக வாயிலிலேயே சொல்லி, குருதிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பாம்பு தீண்டினாலும் அவ்வாறே. கண்ணாடி விரியன் விஷம் தானாகவே குருதியை உறைய விடாமல் செய்வதால், இந்த மருந்து பற்றித் தெரியாமல் சிகிச்சையளிப்பவர் குழம்பிவிடுவார். ஊசிப் பெட்டியின் அட்டையை நோயாளியின் சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது.

நிலாவெளிக் கரை

வைத்தியர் அவர்களுக்கு வணக்கம். எனது மனைவி ஏழரை மாதக் கர்ப்பிணி. இடது காலில் குருதிக்கட்டி ஏற்பட்டதால் இந்த ஊசி நாளுக்கு இரண்டு தடவை போடுகிறோம். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மாமியார் தினமும் அழுகிறார்.

இரவுப்பணி (வைத்தியர்)

மாமியாருக்கு ஆறுதல் சொல்லுங்கள். இந்த மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையிடம் செல்வதில்லை. கர்ப்ப காலத்தில் வார்பரின் குளிசையைத் தவிர்த்து இந்த ஊசியைத் தெரிவுசெய்வதற்குக் காரணமே அதுதான். பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

கவனிக்க வேண்டியது பிரசவ நேரம். வலி கண்டாலோ, நீர்க்குடம் உடைந்தாலோ, குருதி பட்டாலோ அடுத்த ஊசியைப் போடாமல் நேராக வைத்தியசாலைக்கு வர வேண்டும். கடைசி ஊசி போட்ட மணியைத் தாளில் எழுதிக் கையில் கொண்டுவாருங்கள். சிகிச்சை அளவில் போடுபவருக்கு, முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ய வேண்டுமானால், கடைசி ஊசியிலிருந்து 24 மணித்தியாலம் கடந்திருக்க வேண்டும். தடுப்பு அளவு என்றால் 12. அதற்கு முன்னர் முதுகில் குத்தினால் முள்ளந்தண்டுக் கால்வாயில் குருதி தேங்கி இரு கால்களும் செயலிழக்கக்கூடும். நேரம் போதவில்லை என்றால் முழு மயக்கத்தில் சத்திரசிகிச்சை செய்வார்கள். ஆகவே உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கிளினிக் வைத்தியரிடமும் இப்போதே பேசி, எங்கே, எப்படிப் பிரசவம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். நிலாவெளியிலிருந்து நள்ளிரவில் புறப்பட வேண்டியிருந்தால் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

கோணேசபுரி மாணவன்

நான் சித்த மருத்துவம் கற்கும் மாணவன். மேலே எண்ணெய் பற்றிய கேள்வி வந்ததால் ஒரு சொல். வீங்கிய கால் என்றவுடன் எண்ணெய் காய்ச்சி உருவிவிடுவது எமது வீடுகளில் வழக்கம். உள்ளே குருதிக்கட்டி இருக்கும் காலை உருவினால், அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் வந்தால், எந்த மருத்துவமாக இருந்தாலும் முதலில் ஸ்கேன் செய்து பார்த்த பிறகே தொட வேண்டும்.

வெள்ளைச்சீருடை

தம்பி சொன்னது நல்ல சொல். எனது பங்குக்கு, விடுதியில் பணியாற்றும் பிள்ளைகள் எவரேனும் இதைப் படித்தால் என்று ஒன்றை எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வருவது எனொக்சபாரின். விடுதியில் நாளத்தின் வழியே ஏற்றுவது பெரும்பாலும் பழைய ஹெபரின். அதில் செறிவு பலவகை. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானாபோலிஸ் நகரில், குழாயைக் கழுவுவதற்கான 10 அலகுக் குப்பிக்குப் பதிலாக 10,000 அலகுக் குப்பி எடுக்கப்பட்டதால் குறைமாதக் குழந்தைகள் மூவர் இறந்தனர். இரண்டு குப்பிகளும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தன. எமது கைகளுக்கு வரும் 5 மில்லிலீற்றர்க் குப்பியில் 25,000 அலகுகள் இருக்கின்றன. ஒரு மில்லிலீற்றரில் எவ்வளவு, முழுக் குப்பியில் எவ்வளவு என்பதை இரண்டு பேர் தனித்தனியாக வாசித்துவிட்டே எடுக்க வேண்டும். அலகு என்பதை U என்ற ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கி எழுதினால் அது சுழியமாக வாசிக்கப்பட்டு அளவு பத்து மடங்காகிவிடும். முழுச் சொல்லாக எழுதுங்கள். நான் சத்தம் போட்டே வாசிப்பேன். சிரித்தவர்களும் உண்டு.

வயலோரம், நான்காம் நாள்

நேற்று முன்தினமே கொப்பியையும் மருந்தாளர் அண்ணாவின் கணக்கையும் எடுத்துக்கொண்டு தம்பி விடுதிக்குச் சென்றான். முதலில் வெளியில் காக்க வைத்தார்கள். பின்னர் வந்த வைத்தியர் கணக்கைப் பார்த்துவிட்டு, 46 கிலோவா என்று இரண்டு தடவை கேட்டாராம். அப்பாவின் குருதியை மறுபடியும் எடுத்தார்கள். கிரியட்டினின் 1.5 ஆக ஏறியிருந்தது. சிறுதட்டு எண்ணிக்கை குறையவில்லை. ஊசியை 20 மி.கி. ஆக மாற்றி எழுதி, ஒரு வாரத்தில் மீண்டும் குருதி பார்க்கச் சொன்னார். விழுந்த அன்றும் அதற்கு முன்பும் கால்வலிக்காக அப்பா கடையில் டைக்ளோபினாக் குளிசை வாங்கிப் போட்டிருந்தது அப்போதுதான் எமக்குத் தெரிய வந்தது.

இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. இன்று காலை அப்பாவின் மலம் கறுப்பாக இருந்தது. இரும்புச்சத்துக் குளிசையும் எடுக்கிறார். அதனால்தானா? மற்றது, ஒரு நாள் ஊசி தவறிவிட்டால் மறுநாள் இரண்டு போடலாமா?

இரவுப்பணி (வைத்தியர்)

இரும்புச்சத்துக் குளிசை மலத்தைக் கறுப்பாக்கும் என்பது உண்மை. ஆனால் தார்போல் ஒட்டும் தன்மையும் தனியான துர்நாற்றமும் இருந்தாலோ, தலைச்சுற்றல் இருந்தாலோ, அது இரைப்பையிலிருந்து வரும் குருதியாக இருக்கலாம். டைக்ளோபினாக் எடுத்தவர் என்று நீங்களே எழுதியிருப்பதால், ஊகத்தில் விடாமல் இன்றே காட்டுங்கள். ஹீமோகுளோபின் பரிசோதனையும் கேளுங்கள். சிறுநீர் சிவந்தாலும், விழுந்து தலையில் அடிபட்டாலும், திடீரென மூச்சுத் திணறினாலும் காத்திருக்கக் கூடாது. வைத்தியசாலையில் புரோட்டமின் என்ற முறிமருந்து இருக்கிறது. ஆனால் அது எனொக்சபாரினின் செயலை ஏறத்தாழ 60 சதவீதம் வரைதான் முறிக்கும், ஆகவே நேரத்தோடு வருவதே முக்கியம்.

தவறிய ஊசியை நினைவு வந்தவுடன் அன்றைக்கே போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தால் வழமையான நேரத்தில் ஒன்று மட்டும். ஒரே நாளில் இரண்டு வேண்டாம்.

வயலோரம், இருபதாம் நாள்

நீண்ட நாட்களாக எழுதவில்லை, மன்னிக்கவும். ஹீமோகுளோபின் இறங்கவில்லை, இரும்புச்சத்துக் குளிசையை நிறுத்தியதும் நிறம் மாறிவிட்டது. கிரியட்டினின் 1.3 ஆக இறங்கியிருக்கிறது. கடைசி ஊசியை நேற்று மாலை போட்டு முடித்தேன். அப்பா நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரை நடக்கிறார். முற்றத்தின் பாசியைச் சித்தப்பா சுரண்டிவிட்டார்.

பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். பிரிக்காத 40 மி.கி. ஊசிகளும் கொஞ்சம் இருக்கின்றன. அயலில் ஒருவருக்குக் கொடுக்கலாமா?

உப்புவெளி மருந்தாளர்

அயலவருக்கு வேண்டாம், சகோதரி. அவருடைய நிறையும் கிரியட்டினினும் எமக்குத் தெரியாது. ஊசிகளையும் போத்தலையும் அடுத்த கிளினிக் நாளில் விடுதிக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கூரிய கழிவுகளுக்கான பெட்டி அங்கே இருக்கிறது. குப்பையோடு எரிக்கவோ வயல் வாய்க்காலில் போடவோ வேண்டாம்.